ஜூஜூவாடி தாண்டும் மூட்டை

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நம் இலவச ரேஷன் அரிசி அங்கே போகிறது. அங்கிருந்து குட்கா இங்கே வருகிறது. வேன் பிடிபடும், டிரைவர் உள்ளே போவார், சில நாளில் வேறு வேன் ஓடும். ஏன் என்று கேட்கும் விசாரணை அதிகாரிக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• யார் யாரிடம் வாங்கி யாரிடம் கொடுக்கிறார் என்று தாளில் கோடு போடுங்கள். வீடு வீடாக அரிசி வாங்குபவர், குடோன்காரர், டிரைவர், முன்னால் பைக்கில் போய் வழி பார்ப்பவர், அக்கரை மில்.

• ஒவ்வொரு பெயரையும் விரலால் மறைத்துப் பாருங்கள். வாங்குபவர் பத்துப் பேரில் ஒருவரை மறைத்தால் ஒன்றும் ஆகாது. தமிழும் கன்னடமும் பேசி இரு பக்கக் கணக்கையும் முடிக்கும் தரகரை மறைத்தால் படம் இரண்டாகிவிடும். அவருக்கு மாற்று ஆள் கிடைக்க எத்தனை நாளாகும்? கடத்தல் வலையின் பலத்துக்கு அதுதான் அளவு.

• பிடித்தபின் மறுபடி வரையுங்கள். நெதர்லாந்தின் கஞ்சா வளர்ப்புக் கும்பல்களை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரை சங்கடமானது: ஆட்களை எடுக்க எடுக்க, மிச்சமிருந்தோர் புதிய தொடர்பு தேடி இன்னும் திறமையாக இயங்கினார்களாம்.

• அண்டை மாநிலத்துக்கு உடனே போன் போடுங்கள். 2021 ஜனவரி 22இல் ஓசூர் முத்தூட் கிளையில் சுமார் 25 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்தவர்கள், நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்க, வெளிமாநிலப் போலீசுக்கும் உடனே தகவல் போனதால், மறுநாளே ஹைதராபாத் அருகே சிக்கினார்கள்.

செய்யக்கூடாதவை

• அதிக அழைப்பு உள்ளவரைத் தலைவர் என்று எழுதாதீர்கள். மெக்கானிக்குக்கும் டீக்கடைக்காரருக்கும்தான் நாள் முழுக்கப் போன் அடிக்கும்.

• ஒரே டவரில் இருந்தார்கள் என்பதால் கூட்டாளி ஆக்காதீர்கள். சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்த டவரில் ஊரே இருக்கும். எல்லையில் இன்னொரு வம்பு: இந்தப் பக்கம் நிற்பவரின் போன் கர்நாடக டவரைப் பிடித்திருக்கும்.

• அழைப்பு விவரத்தைக் குறுக்கு வழியில் வாங்காதீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்று இல்லையென்றால் கோர்ட்டில் உங்கள் படம் வெறும் கோலம்.

• ரேஷன் அரிசியைச் சில்லறைக்கு விற்ற பாட்டியை வலையில் சேர்க்காதீர்கள்.

• பிடித்த மூட்டைகளை மட்டும் எண்ணி அறிக்கை எழுதாதீர்கள். அடுத்த மூட்டை கிளம்ப எத்தனை நாளானது, அதையும் எழுதுங்கள்.