கம்ப்யூட்டர்ப் பரீட்சைகள்: நம் பிள்ளைகளுக்கு எது முதற்படி?

நம் வியாபாரிகளின் பிள்ளைகளில் பலர் இந்நாளில் கடைத் தொழிலோடு நின்றுவிடாமல் கம்ப்யூட்டர்த் துறையிலும் புக விரும்புகின்றனர். அதிலும் நெட்வொர்க் எனப்படும் வலையமைப்பையும், சர்வர் எனப்படும் பொதுச் சேவைக் கம்ப்யூட்டரையும் பராமரிக்கும் உத்தியோகத்தில் அவர்களுக்கு நாட்டம் மிகுந்திருக்கிறது. பயிற்சி நிலையங்களோ பத்துப் பரீட்சைகளின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கி, அனைத்துக்கும் சேர்த்துப் பல்லாயிரம் வெள்ளி கேட்கின்றன. தகப்பனார் பெயர்களைப் பார்த்து மலைக்கிறார். பிள்ளை எல்லாம் வேண்டும் என்கிறான்.

மாதிரி பாராமல் சரக்குக் கொள்முதல் செய்வது நம் வழக்கமன்று. பிள்ளையின் கல்விக்குக் கைமுதல் போடும்போதும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். வீணாகும் பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம்; இருபது வயதில் வீணாகும் இரண்டு ஆண்டுகளை எங்கே போய்ச் சம்பாதிப்பது? ஆகவே இப்பரீட்சைகள் யாவை, எதை முதலில் எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்பவற்றை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

வேலை என்ன?

ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் இரண்டு கம்ப்யூட்டர்கள், அலுவலறையில் ஒன்று, கச்சாத்து அடிக்கும் பிரிண்டர், கார்டு தேய்க்கும் கருவி, காவல் கேமராக்கள் ஆகியவை இருக்கின்றன. இவையெல்லாம் சுவிட்ச் என்னும் பெட்டியில் கம்பிகளால் இணைக்கப்படுகின்றன. ரூட்டர் என்னும் பெட்டி அவற்றை வெளியுலகத்தோடு இணைக்கிறது. பேரேடும் சரக்கிருப்பும் ஒரு சர்வரில் பதிவாகின்றன.

சுவிட்சும் ரூட்டரும் பாதை போன்றவை. சர்வர் கிட்டங்கி போன்றது. பாதை அடைபடாமல் காப்பவர் நெட்வொர்க் நிர்வாகி. கிட்டங்கியில் யார் நுழையலாம், எதைத் தொடலாம், தீப்பற்றினால் மாற்றுப் பிரதி எங்கே இருக்கிறது என்பவற்றைக் கவனிப்பவர் சர்வர் நிர்வாகி. சிறிய கம்பெனிகளில் இருவேலையையும் ஒருவரே பார்ப்பார்.

ஒரு சிறு பாடம்

பரீட்சைகள் எதைச் சோதிக்கின்றன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கல்லாவிலுள்ள கம்ப்யூட்டரில் இணையத் தொடர்பு அற்றுவிட்டது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார். பயிலாதவன் எல்லாப் பெட்டிகளையும் அணைத்து மறுபடி போடுவான். பயின்றவன் படிப்படியாகச் செல்வான்.

முதலாவது, கம்பி சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான்.

இரண்டாவது, கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் பார்ப்பான். அக்கடையில் 192.168.1.0/24 என்ற வரிசை வழங்குவதாகக் கொள்வோம். இதில் 256 எண்கள் உண்டு. முதல் எண் வலையமைப்பையே குறிக்கும். கடைசி எண் எல்லோருக்கும் ஒருசேரச் செய்தி அனுப்புவதற்கானது. மீதி 254 எண்களைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் சேவைக்கு டிஎச்சிபி என்று பெயர். கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்பட்டால், டிஎச்சிபியிடமிருந்து பதில் கிடைக்காமல் அது தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கோளாறு கடைக்குள்ளேயே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மூன்றாவது, முகவரி சரியாக இருந்தால், பிங் என்னும் கட்டளையால் ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்ப்பான். பதில் வந்தால் உள்பாதை சரி.

நான்காவது, வெளியிலுள்ள ஓர் எண் முகவரியைக் கூப்பிடுவான். அதுவும் பதில் தந்து, பெயரால் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் குற்றம். சில கருவிகள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆதலால் ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

இவ்வாறு படிப்படியாய் ஆராயும் பழக்கமே இத்தொழிலின் உயிர்நாடி. அப்பழக்கம் வந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சிதான் சான்றிதழ்.

பரீட்சைகளின் தராதரம்

ஏ பிளஸ்: காம்ப்டியா என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 1993 முதல் நடத்திவரும் பரீட்சை இது. எந்தக் கம்பெனியின் சரக்கையும் சாராதது. இரண்டு தாள்கள் உண்டு. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். 220-1201, 220-1202 என்னும் தாள்கள் 2025இல் நடைமுறைக்கு வந்தன. கம்ப்யூட்டரின் உறுப்புகள், விண்டோஸ் முதலிய இயங்கு முறைகள், சிறு வலையமைப்பு, பழுது கண்டுபிடித்தல் ஆகியவை பாடங்கள். முன்னனுபவம் ஏதுமில்லாத பிள்ளைக்கு ஏற்ற அரிச்சுவடி இதுவே.

நெட்வொர்க் பிளஸ்: இதுவும் காம்ப்டியா பரீட்சையே. ஒரே தாள், 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். 100 முதல் 900 வரையுள்ள அளவில் 720 பெற வேண்டும். 2024இல் வெளிவந்த தாளின் எண் என்10-009. வலையமைப்பைப் பற்றிப் பரந்த அறிவு தரும். ஆனால் ஆழம் குறைவு.

சிசிஎன்ஏ: ரூட்டர், சுவிட்ச் முதலியவற்றைத் தயாரிக்கும் சிஸ்கோ கம்பெனி 1998இல் தொடங்கிய பரீட்சை. முன்பு பல கிளைகளாக இருந்ததை 2020 பிப்ரவரி 24ஆம் தேதி முதல் 200-301 என்ற ஒரே தாளாக்கினர். நேரம் 120 நிமிடம். அப்போது கட்டணம் அமெரிக்க வெள்ளி 300 என வைக்கப்பட்டது. மதிப்பெண்களில் ஐபி பாதையமைப்புக்கு 25 சதவீதம், அடிப்படைக்கு 20, சுவிட்ச் முதலிய உள்வலை விஷயங்களுக்கு 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கு 10, தானியங்கு முறைகளுக்கு 10 எனப் பங்கிட்டிருக்கின்றனர். நெட்வொர்க் பிளஸைவிடக் கடினம். கருவிக்கே கட்டளையிட்டு அமைக்கும் திறமையையும் இது கேட்கிறது.

லினக்ஸ் பரீட்சைகள்: உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் இயங்குகிறது. எல்பிஐசி-1 என்பது 101, 102 என்ற இரண்டு தாள்கள் கொண்டது. சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். ரெட் ஹாட் கம்பெனியின் ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சையோ வேறுவகை. அதில் விடையைத் தேர்ந்து குறியிடுவது கிடையாது. ஒரு கம்ப்யூட்டரின் முன் உட்காரவைத்து இன்னின்னவற்றைச் செய்து காட்டு என்பார்கள். 300க்கு 210 பெற வேண்டும். மனப்பாடம் இங்கே செல்லாது. அதனாலேயே இதற்கு மதிப்பு அதிகம்.

மைக்ரோசாப்ட் பரீட்சைகள்: எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ என்ற பெயர்களை இன்னும் சிலர் விளம்பரங்களில் போடுகின்றனர். அவற்றை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அவற்றுக்குப் பின்வந்த பரீட்சைகள் பெரும்பாலும் கிளவுட் எனப்படும் தொலை சர்வர்களைத் தழுவியவை. ஏஇஸட்-900 என்பது அவற்றுள் ஆரம்பப் பரீட்சை, இலகுவானது. அது கிளவுடின் அகராதியைக் கற்பிக்குமேயன்றி, சர்வரைக் கையாளக் கற்பிக்காது.

எந்த வரிசையில் எழுதுவது?

ஒன்றுமே அறியாத பிள்ளை ஏ பிளஸ் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பாடத்தை அவசியம் படிக்க வேண்டும். பரீட்சைக்குக் கட்டணம் கட்டுவது அவன் நிலையைப் பொறுத்தது. கல்லூரியில் டிப்ளோமா பெற்றவனுக்கு அச்சான்றிதழால் கூடுதல் பயன் குறைவு. பள்ளிப் படிப்போடு நின்றவனுக்கோ அது வாசற்கதவைத் திறக்கும்.

அடுத்தபடி பாதை இரண்டாகப் பிரிகிறது. நெட்வொர்க்கில் நாட்டமுள்ளவன் சிசிஎன்ஏவுக்குச் செல்லலாம். சிசிஎன்ஏ எழுதத் துணிந்தவனுக்கு நெட்வொர்க் பிளஸ் கட்டாயமில்லை. ஒரே பாடத்தின் பெரும்பகுதிக்கு இருமுறை பணம் கட்டுவதாக முடியும். சிசிஎன்ஏ பாடத்தைப் புரட்டிப் பார்த்துத் திணறுகிறவனுக்கு மட்டும் நெட்வொர்க் பிளஸ் நல்ல இடைப்படி. சர்வரில் நாட்டமுள்ளவன் ஏதேனும் ஒரு லினக்ஸ் பரீட்சையைத் தேர்ந்து, விண்டோஸ் சர்வரையும் உடன் பழகிக்கொள்வானாக. அவனும் மேலே சொன்ன ஐபி, டிஎச்சிபி, டிஎன்எஸ் பாடங்களைத் தவிர்க்க முடியாது. பாதை தெரியாதவன் கிட்டங்கிக்கு எப்படிப் போய்ச் சேருவான்?

ஆக, முதல் வேலைக்கு இரண்டு சான்றிதழ்கள் போதும். வேலையில் சேர்ந்தபின், அவ்வேலை எதைக் கேட்கிறதோ அதை மூன்றாவதாக எழுதட்டும். கடையில் சேரும் பையன் முதல் நாளே பெட்டியடியில் உட்காருவதில்லை. அதுபோல இத்துறையிலும் முதல் உத்தியோகம் பெரும்பாலும் உதவி மேசையில்தான் கிடைக்கும். அதைத் தாழ்வாக எண்ண வேண்டுவதில்லை. கோளாறுகளைக் கண்ணால் காணும் இடம் அதுவே.

காலாவதியைக் கவனிக்க

மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் தேதி பார்க்கிறோம். சான்றிதழுக்கும் பார்க்க வேண்டும். ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, ஆர்எச்சிஎஸ்ஏ ஆகியவை மூன்றாண்டு செல்லும். காம்ப்டியாவில் மேற்பரீட்சையில் தேறினால் கீழ்ச்சான்றிதழும் புதுப்பிக்கப்படும். மைக்ரோசாப்டின் நடுத்தரச் சான்றிதழ்கள் ஓராண்டே செல்லும். ஆனால் இணையத்தில் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏஇஸட்-900க்குக் காலாவதி இல்லை.

சரக்கே வழக்கொழிந்து போவதும் உண்டு. 1990களில் நாவெல் கம்பெனியின் சிஎன்இ பட்டத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. அக்கம்பெனியின் நெட்வேர் சந்தையிலிருந்து மறைந்தபோது பட்டத்தின் மதிப்பும் மறைந்தது. ஆனால் அவர்களுள் அடிப்படையை நன்கு கற்றிருந்தவர்கள் புதிய கருவிகளுக்கு மாறிக்கொண்டனர். பெயரை வாங்கியவனுக்கு நஷ்டம். அறிவை வாங்கியவனுக்கு நஷ்டமில்லை.

குறுக்கு வழி

பரீட்சை வினாக்களைத் திருடித் தொகுத்து விற்போர் உளர். அவற்றை மனப்பாடம் செய்து தேறலாம் என்று பிள்ளைகளை ஆசை காட்டுவர். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். மறுபடி எழுதவும் தடை விழும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், வேலைக்கு நேர்முகம் காணும்போது மேலே சொன்ன கல்லாக் கோளாற்றை ஒருவர் கேட்டால் வாய் திறக்க முடியாது. கலப்பட எடைக்கல்லை நம் கடையில் வைக்க மாட்டோம். பிள்ளையின் கையிலும் அதைக் கொடுக்கலாகாது.

குறைந்த செலவில் பயிற்சி

சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ரூட்டரும் சுவிட்சும் வாங்காமலே அவற்றைத் திரையில் இணைத்துப் பழகலாம். வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளால் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல சர்வர்களை அமைக்கலாம். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனையாகப் பயன்படுத்த மைக்ரோசாப்ட் அனுமதிக்கிறது. கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் நினைவகத்தைச் சற்றுக் கூட்டினால் இவற்றுக்குப் பெரும்பாலும் போதும். ஓடிக்கொண்டிருக்கும் கடைச் சர்வரில் மட்டும் பிள்ளை பழகலாகாது. ஒரு தவறான கட்டளையில் ஒரு வருஷப் பற்றுவரவு போய்விடும்.

சிங்கப்பூர்க் குடிமக்களில் 25 வயது நிரம்பியோர்க்கு 2016 முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வரவு 500 வெள்ளி வழங்கப்பட்டது. அது அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். மலேசியாவில் சட்டத்தில் கண்ட தொழில்களை நடத்தி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியச் சிப்பந்திகளை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை மனிதவள நிதிக்குக் கட்டுகின்றனர். கட்டியவர்கள் தம் சிப்பந்திகளின் பயிற்சிக்கு அதிலிருந்து கேட்டுப் பெறலாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

பயிற்சி நிலையத்தாரிடம்: இப்பரீட்சையின் எண் என்ன? அது எப்போது நிறுத்தப்படும்? தாங்கள் கேட்கும் தொகையில் பரீட்சைக் கட்டணமும் அடங்குமா? தோற்றால் மறுபரீட்சைக்கு யார் கொடுப்பது? கற்பிப்பவர் இத்தொழிலில் எத்தனை ஆண்டு வேலை செய்தவர்? முடிவில் கிடைப்பது பரீட்சை நடத்தும் ஸ்தாபனத்தின் சான்றிதழா, பயிற்சி நிலையத்தின் வருகைப் பத்திரமா?

பிள்ளையிடம்: 192.168.1.0/24 வரிசையில் எத்தனை கருவிகளுக்கு எண் கொடுக்கலாம், ஏன்? 169.254 என்ற முகவரி எதைக் காட்டுகிறது? எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் குற்றம் எங்கே? நம் கடைப் பேரேட்டின் மாற்றுப் பிரதி இப்போது எங்கே இருக்கிறது?

முதல் மூன்றுக்கும் விடை இக்கட்டுரையிலேயே உண்டு. நான்காவதற்குத் தகப்பனாருக்கும் விடை தெரியாவிட்டால், எந்தப் பரீட்சைக்கும் முன்பாகப் பிள்ளை செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே. பிரதி எடுக்கட்டும், கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைக்கட்டும், பிறகு அதிலிருந்து ஒரு நாள் கணக்கை மீட்டுக் காட்டட்டும். அதைச் செய்து காட்டியவனுக்குத் தாராளமாகக் கட்டணம் கட்டலாம்.