வாங்கும் முன் கேளுங்கள்!



டெல்லியில் 2008ஆம் ஆண்டு ஒரு கலைச் சந்தை தொடங்கினார்கள். நம்ம சிறுவாச்சூர் ஆட்டுச் சந்தை மாதிரிதான். ஆனா அங்கே விற்பது இக்கால ஓவியமும் சிற்பமும். வெளிநாட்டு கேலரிகளும் கடை போடும்.

“விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி, செய்தது யார், எந்த வருஷம், இதுவரை யார் கையில இருந்ததுன்னு கேட்கணும். எழுதியும் வாங்கணும்” என்றார் ஓவிய ஆசிரியர்.

“ஆடு வாங்கினாலே யாரோடதுன்னு கேட்கிறோமே சார்!” என்றேன். சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார்.

அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் சோழர் கால நடராசர் சிலையைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. எழுத்தும் இருந்தது. ஆனால் அத்தனையும் பொய்! அது நம் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய சிலை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோதான் உண்மையைக் காட்டிக் கொடுத்தது. 2014இல் சிலை இந்தியா திரும்பியது.

எனவே எழுத்து இருந்தால் மட்டும் போதாது, அது நிஜமா என்றும் விசாரிக்க வேண்டும்.

நான் இப்போது வரையும் படத்துக்குப் பின்னால் பெயரும் தேதியும் எழுதுகிறேன். எங்க ஊர்க் கோயில் சிலைகளையும் அனுமதி கேட்டு போட்டோ எடுக்கப் போகிறேன். நீங்களும் செய்வீர்களா?