புளிப்பு வேறு, மணம் வேறு

கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போதெல்லாம் மாற்று யோசனைகளும் கூடவே கிளம்பிவிடும். 2022 ஏப்ரலில் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோதும் அப்படித்தான். “கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் எலுமிச்சைச் சுவை வந்துவிடும்” என்பார்கள். வராது. புளி, மாங்காய், வினிகர் எல்லாமே புளிக்கும். எதுவும் எலுமிச்சை ஆகாது. நாக்குக்குத் தெரிவது புளிப்பு. இது எலுமிச்சை என்று கண்டுபிடிப்பது மூக்கு. அந்த மணம் பெரும்பாலும் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. நாமோ பிழிந்த மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, பழம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம்.

“கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு, எலுமிச்சையிலிருந்து எடுத்ததுதானே?” நூறாண்டுக்கு முன் அது சரி. 1784இல் வேதியியலாளர் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை, அதாவது இந்த எலுமிச்சை உப்பை, பிரித்தார். பின்னாளில் அந்த வியாபாரம் இத்தாலியின் கையில் இருந்தது. முதல் உலகப் போரில் அந்த வரத்து தடுமாறியது. 1917இல் வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, ஒரு கரும்பூஞ்சை சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலத்தைத் தாராளமாகச் சுரப்பதைக் காட்டினார். வெங்காயச் சருகில் கறுப்புப் பொடியாகப் படியுமே, அதே பூஞ்சைதான். 1919இல் ஃபைசர் நிறுவனம் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று சந்தைக்கு வருவதில் மிகப் பெரும்பங்கு இப்படி நொதிக்கவைத்து எடுத்தது. எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு இந்த அமிலம் உண்டு. ஆக, புளிப்புக்கு இன்று பஞ்சமில்லை.

அடுத்தது, மணத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்களிலேயே உலவும் ஒரு தவறு: தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் மூலக்கூறின் ஒரு வடிவம் ஆரஞ்சு மணக்கும், அதன் கண்ணாடிப் பிம்பம் எலுமிச்சை மணக்கும் என்பது. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பழங்களின் தோலிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வடிவம். மற்றது டர்பென்டைன் போல வாடையடிக்கும். எலுமிச்சையை எலுமிச்சையாக்குவது சிட்ரால் என்ற வேறொரு மூலக்கூறு. தோல் எண்ணெயில் அது ஒரு சில சதவீதம்தான், ஆனாலும் மணத்தை ஆள்வது அதுவே.

அந்தச் சிட்ராலுக்குப் பழமே வேண்டியதில்லை. எலுமிச்சைப்புல் தைலத்தில் அது முக்கால் பங்கு வரை இருக்கிறது. கேரளத்தில் வடித்த இந்தத் தைலம் கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் உலகச் சந்தையில் ‘கொச்சின் ஆயில்’ என்றே பெயர் பெற்றது.

“ஆலையில் செய்த சிட்ரால் விஷம்” என்பாரும் உண்டு. புல்லில் இருப்பதும் ஆலையில் செய்வதும் ஒரே மூலக்கூறு. உண்மையான குறை வேறு: சிட்ரால் மட்டும் தனியாக மணத்தால் பழத்தைவிடச் சோப்புதான் நினைவுக்கு வரும். புளிப்பான பானத்தில் நாள்பட இருந்தால் சிதைந்து கெட்ட வாடையும் அடிக்கும்.

எலுமிச்சையைப் போலி செய்தவர்கள் ஆரஞ்சையும் எளிதாகச் செய்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆரஞ்சு மணத்தைச் சுமக்க ஒற்றை மூலக்கூறு கிடையாது. ஃப்ளோரிடாவில் 2003–04இல் சுமார் 24 கோடிப் பெட்டி விளைந்த ஆரஞ்சு, முக்கியமாக, மரங்களைப் பாழாக்கும் பசுமையாக்க நோயால் இருபது ஆண்டுக்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மணத் தொழிலுக்கு அந்த இழப்பை ஈடுகட்டுவது இன்னும் தலைவலிதான்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் எலுமிச்சைப்புல்லின் தண்டை நசுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். இரண்டு கொழுந்து நாரத்தை இலையைக் கசக்கிப் போட்டால் சோப்பு வாடை அடங்கும். நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடிப்பவர்களுக்கு அந்த மணம் தெரியும். தரை துடைக்க விற்கும் புல் தைலத்தை மட்டும் சமையலில் விட்டுவிடாதீர்கள்.