மஞ்சளுக்கு யார் சொந்தக்காரர்?



போன மாதம் சைக்கிளில் இருந்து விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். எங்க அம்மாயி மஞ்சத்தூளை எண்ணெயில் குழைத்து அப்பினார். (பெரிய காயம்னா ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போடணும், அது வேறு.) "இந்த வைத்தியத்துக்கு அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கியிருந்தாங்க, தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதென்ன கண்ணு பேட்டன்டு?"

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை அது. குறிப்பிட்ட காலம் வரை அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. "அப்ப உனக்கு மஞ்ச பூசுனதுக்கு நான் காசு கட்டோணுமா?" என்றார். இல்லை. ஒரு நாட்டுப் பேட்டன்ட் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஆனால் அம்மாயிக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

நடந்தது இதுதான். 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குப் பேட்டன்ட் கிடைத்தது. நம் நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் 1996-ல் எதிர்த்து மனுச் செய்தது. அப்போது அதன் தலைவர் டாக்டர் மஷேல்கர்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். "எங்க ஊர்ல எல்லாப் பாட்டிக்கும் தெரியும்" என்று சொன்னால் செல்லாதாம்! அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, அவர்கள் நாட்டுக்குள் வழக்கத்தில் இருந்தால் அது சாட்சி. வெளிநாட்டில் என்றால் அச்சிலோ பேட்டன்டிலோ இருக்க வேண்டும். ஈரோட்டுச் சந்தையில் விரலியும் கிழங்குமாக மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும், அம்மாயி வாய்ப்பேச்சு கணக்கில் வராது. எனவே பழைய சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், 1953-ல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை என்று 32 ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தார்கள். 1997-ல் பேட்டன்ட் ரத்தானது. அந்தச் சட்டத்தையும் பிறகு மாற்றிவிட்டார்கள். 2013 மார்ச் முதல் எந்த நாட்டுப் பொது வழக்கமும் அங்கே சாட்சியாகும்.

வேம்புக்கும் இதே கதை. ஐரோப்பாவில் கொடுத்த பேட்டன்ட்டை 2000-ல் ரத்து செய்தார்கள், அப்பீல் முடிய 2005 ஆனது. ஒவ்வொன்றுக்கும் இப்படி வழக்குப் போட முடியுமா? அதனால் 2001-ல் பாரம்பரிய அறிவு மின் நூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்துகளை ஆங்கிலம், ஜப்பான் உட்பட ஐந்து மொழிகளில் மாற்றி, வெளிநாட்டுப் பேட்டன்ட் அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்ச் சித்தர் நூல்களும் அதில் உண்டு.

2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஓர் உலக ஒப்பந்தமும் முடிவானது. ஒரு செடியையோ, ஒரு சமூகத்தின் பழைய அறிவையோ வைத்துப் பேட்டன்ட் கேட்பவர், அது எந்த நாட்டுச் செடி, யாருடைய அறிவு என்று விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். 15 நாடுகள் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். சொன்னால் போதும், பங்கு கொடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கு இது பாதிக் கிணறாகத்தான் படுகிறது. பங்கு கேட்க நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஊராட்சிதோறும் குழு அமைத்து, ஊர்ச் செடிகளையும் அவற்றின் பயனையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதைப் படித்ததும் ஒரு நோட்டுப் போட்டு அம்மாயி சொல்வதை எழுத ஆரம்பித்தேன். இதுவரை 14 செடிகள் ஆகிவிட்டன. கல்லடைப்புக்கு வாய்க்கால் வரப்பில் ஏதோ ஒரு தழை பறித்துத் தருவார், அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். "எழுதி வெச்சா எவன் வேணா எடுத்துக்குவான்" என்கிறார். "எழுதாட்டி உங்களோட போயிருமே அம்மாயி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தை போகட்டும், பாக்கலாம்" என்றார்.

பதினைந்தாம் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.