படகின் அடிப்புறம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

படகின் அடிப்புறத்தில் எதைப் பூசினால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும் என்று கேட்டிருந்தாய். வழுக்கும் பூச்சைத் தேடி அலையவேண்டாம் என்பதே என் பதில். மேடுபள்ளம் இல்லாத பரப்பை உண்டாக்கு. அதன்மேல் எதுவும் ஒட்டி வளராமல் காப்பாற்று. முதலாவது பழுதுபார்ப்பின் வேலை, இரண்டாவது பூச்சின் வேலை. முதலாவதைச் சரியாகச் செய்யாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூச்சும் அதை ஈடுகட்டாது.

இதற்குச் சான்று, 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் கப்பல் பொறியாளர் வில்லியம் புரூட் நடத்திய சோதனைகள். பலகைகளின் மேல் வார்னிஷ், பாரபின் மெழுகு, காலிகோ துணி, மணல் என்று வெவ்வேறு பரப்புகளை அமைத்து, நீர்த்தொட்டியில் இழுத்து, எதிர்ப்பை அளந்தார். மெழுகுக்கும் வார்னிஷுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. துணி ஒட்டிய பலகையோ வார்னிஷ் பலகையைப்போல ஏறத்தாழ இருமடங்கு எதிர்ப்பைக் காட்டியது. காரணம் எளிது. பரப்பைத் தொடும் நீர், பரப்பு மெழுகானாலும் வார்னிஷானாலும், அதனோடு ஒட்டியே நகர்கிறது; உராய்வு நீருக்கும் நீருக்கும் இடையில்தான் நடக்கிறது. பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்துக்குள் அடங்கிவிடும் சொரசொரப்பு கெடுதல் செய்வதில்லை. அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் மேடுதான் நீரைக் கலக்கி, எஞ்சினின் ஆற்றலைத் தின்கிறது. படகின் முன்பகுதியில் இந்தப் படலம் மிக மெலிந்திருப்பதால், நேரமும் பணமும் குறைவாக இருந்தால் முன்பகுதியை முதலில் கவனி.

பைபர் படகானால், அடிப்புறத்தை நன்னீரில் கழுவி உப்பை நீக்கி, முழுக்க உலரவிடு. விரிசல்மேல் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்தால் அப்போதைக்குச் சமமாகத் தெரியும். உள்ளே தங்கிய ஈரம் பின்னால் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். பிளந்த இழைகளைத் தேய்த்தெடுத்து, விளிம்பை அகலமாகச் சரித்து, கண்ணாடி இழைத்துணியை எபாக்சியில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டு. இறுகியபின் பட்டி பார்த்து, நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி மூலைவாட்டில் மாற்றி மாற்றித் தேய். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும்; நீண்ட கட்டை மேட்டை மட்டுமே பிடிக்கும். பழைய பூச்சில் செம்பு போன்ற நச்சுப்பொருள் இருக்கலாம். அதனால் தண்ணீர் விட்டுத் தேய், முகமூடி போட்டுக்கொள், கழிவைக் கடலில் விடாதே.

ஆண்டுதோறும் கரைந்துபோகும் பெயிண்டுக்குச் செலவழிப்பானேன், தேயாத பூச்சு போதாதா என்று நீ கேட்கலாம். இதற்கான விடை 1824-லேயே கிடைத்துவிட்டது. போர்க்கப்பல்களின் செப்புத் தகடு அரிப்பதைத் தடுக்க, வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அதனுடன் இரும்பும் துத்தநாகமும் இணைத்தார். அரிப்பு நின்றது, ஆனால் பாசியும் கொட்டலசும் மண்டின. செம்பு கரைந்துகொண்டிருந்ததால்தான் அவை அண்டாமல் இருந்தன என்பது அப்போது தெளிவானது. கொட்டலசைத் தடுக்கும் செப்புப் பெயிண்டும் கரைவதன் மூலமே காக்கிறது. அலுமினியப் படகில் மட்டும் அதைப் பூசாதே. செம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

அப்படியானால் இன்னும் கடுமையான நஞ்சு நல்லதல்லவா? டிரைபியூட்டைல் டின் கலந்த பெயிண்ட் அடிப்புறத்தை அருமையாகக் காத்தது. ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் அது சிப்பிகளின் ஓட்டையே உருக்குலைத்தது. 2001-ல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை அதற்குத் தடை விதித்தது; தடை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த மீன் வளரும் நீரைக் கெடுப்பது, கடலை நம்பி வாழ்பவருக்குச் சேமிப்பே ஆகாது. நஞ்சில்லாத சிலிக்கோன் பூச்சு உண்டே என்றால், அதன் வழுக்கல் கொட்டலசின் பிடியைத் தளர்த்துவதற்கு, நீருக்காக அல்ல. அடிக்கடி விரைந்தோடும் கலத்துக்கு அது பொருந்தும். பல நாள் கட்டிக்கிடக்கும் படகுக்குப் பயன் குறைவு.

ஆகவே, டப்பாவில் எழுதியிருக்கும் வேகக் கணக்கை வைத்து முடிவெடுக்காதே. உன் படகு எதனால் ஆனது, வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, எந்த நீரில் கிடக்கிறது என்று பார்த்துப் பூச்சைத் தேர்ந்தெடு. அதைப் பூசுமுன் தேய்ப்பதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்கு.

அன்புடன்,
உன் அண்ணன்