ஒரே ஆண்டில் இரு விபத்துகள்

கோத்தா கினபாலு நகரின் செம்புலான் பகுதியில் ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. 'டபுள் சிக்ஸ்' என்பது அதன் பெயர். ஆறாம் மாதத்தின் ஆறாம் நாளைக் குறிக்கும் பெயர் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 6ஆம் நாள் சபா மாநிலத் தலைவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் அங்குக் கூடுகிறார்கள்.

1976ஆம் ஆண்டில் அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் லாபுவானிலிருந்து கோத்தா கினபாலுவை நோக்கி ஒரு சிறிய விமானம் வந்துகொண்டிருந்தது. தரையிறங்கும் நேரம் நெருங்கியபோது அது திடீரெனக் கட்டுப்பாட்டை இழந்து, செம்புலான் அருகே ஆழமற்ற கடலில் விழுந்தது. விமானியோடு சேர்த்து அதில் 11 பேர் இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை.

இறந்தவர்களுள் ஒருவர் சபாவின் முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ். 1963இல் மலேசியா உருவானபோது சபாவின் முதல் முதலமைச்சராக இருந்தவர் அவரே. 1976 ஏப்ரலில் மீண்டும் அப்பதவிக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய மகன் ஜொஹாரியும் அதே விமானத்தில் இருந்தார். மாநில அமைச்சர்களான டத்தோ சாலே சுலோங், டத்தோ பீட்டர் மொஜுந்தின், சோங் தியேன் வுன் ஆகியோரும் மாண்டனர். ஒரு மாநிலத்தின் அரசாங்கத்தில் பாதி ஒரே பிற்பகலில் மறைந்ததுபோல் இருந்தது. பெனாம்பாங்கில் இன்றும் பீட்டர் மொஜுந்தினின் சிலையைக் காணலாம்.

அந்த விமானத்தின் பெயர் நோமாட். நாடோடி என்று பொருள். ஆஸ்திரேலிய அரசுக்குச் சொந்தமான விமானத் தொழிற்சாலை மெல்பர்ன் நகரில் அதை வடிவமைத்தது. அத்தொழிற்சாலை முன்னர் மிராஜ் போர் விமானங்களைத் தயாரித்து வந்தது. அந்த வேலை முடிந்த பிறகு அங்கிருந்த பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வேறு வேலை தேவைப்பட்டது. நோமாட் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் நோமாட் 1971 ஜூலை 23ஆம் நாள் பறந்தது.

நல்ல சாலை இல்லாத இடங்களுக்கு ஏற்ற விமானம் அது. இரண்டு சிறிய இயந்திரங்கள், உடலுக்கு மேலே பொருத்தப்பட்ட நீண்ட இறக்கை, சதுரமான உடல். ஏறத்தாழ 12 பயணிகளை ஏற்றலாம். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் சரக்கோ நோயாளியின் படுக்கையோ வைக்கலாம். குறுகிய புல்வெளி ஓடுபாதையிலும் ஏறி இறங்கும். இவ்வாறு பல வேலைகளுக்கும் உதவும் விமானத்தைப் பயன்பாட்டு விமானம் என்பர். மலையும் காடும் கடலும் சூழ்ந்த சபாவுக்கு அத்தகைய விமானம் தேவையாக இருந்ததில் வியப்பில்லை. பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி ஆகிய நாடுகளும் அதை வாங்கின. ஆஸ்திரேலியாவில் 'பறக்கும் மருத்துவர்கள்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நோமாட் ஒரு கதாபாத்திரம் போலவே வலம் வந்தது. எனினும் மொத்தம் ஏறத்தாழ 170 விமானங்களோடு அதன் தயாரிப்பு நின்றுபோனது.

செம்புலான் விபத்து நடந்து சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, 1976 ஆகஸ்டு 6ஆம் நாள், இன்னொரு நோமாட் விழுந்தது. இம்முறை விழுந்த இடம் ஆஸ்திரேலியாவின் அவலோன். உடலை நீட்டி அமைத்த புதிய வகை நோமாட்டைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவ்விபத்து நேர்ந்தது. தலைமைச் சோதனை விமானி ஸ்டுவர்ட் பியர்ஸும் வடிவமைப்புப் பொறியாளர் டேவிட் ஹூப்பரும் உயிரிழந்தனர். விமானத்தை வரைந்தவரே அதில் அமர்ந்து சோதித்தார் என்பதை இங்கு மறந்துவிடலாகாது. பியர்ஸின் மகனுக்கு அப்போது எட்டு வயது. அவர்தான் பின்னாளில் ஹாலிவுட் நடிகராகப் பெயர்பெற்ற கை பியர்ஸ்.

அவலோனில் சிக்கல் வாலில் இருந்தது. ஒரு நீளமான காகிதத் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அதை மின்விசிறியின் முன் நீட்டிப் பாருங்கள். காற்று மெதுவாக வீசும்போது காகிதம் லேசாக அசையும். காற்றின் வேகம் கூடினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். விமானத்தின் இறக்கைக்கும் வாலுக்கும்கூட இது நேரலாம். உலோகம் போதிய விறைப்போடு இல்லாவிட்டால், குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தொடங்கி, தானாகவே வளர்ந்து, சில நொடிகளில் அப்பகுதியையே சிதைத்துவிடும். நோமாட்டில் வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதுமே மேலும் கீழும் அசையக்கூடியது. அதில்தான் இந்த நடுக்கம் தோன்றியது.

இரண்டே மாத இடைவெளியில் ஒரே வகை விமானம் இரண்டு விழுந்தால், மக்கள் என்ன நினைப்பார்கள்? விமானமே சரியில்லை என்றுதான் நினைப்பார்கள். சபாவில் பலரும் அப்படியே எண்ணினர். வேறு சிலர், இறந்தவர்களுள் பலர் அரசியல் தலைவர்களாக இருந்ததால், அது சதிவேலை என்று பேசினர். எதையும் உறுதிப்படுத்த வழியில்லை. ஏனெனில், மலேசிய அரசின் விசாரணை அறிக்கை இரகசிய ஆவணமாகப் பூட்டிவைக்கப்பட்டது.

47 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 11 பேரின் பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். தந்தையை இழந்த ஒருவர் அது விபத்தா, கொலையா என்றுகூடத் தெரியாமல் முதுமை அடைவதை எண்ணிப் பாருங்கள். விமானியின் குடும்பத்தார் சுமந்த ஐயம் வேறுவகையானது. இறுதியில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து, 2023 ஏப்ரலில் அரசாங்கம் அறிக்கையை வெளியிட்டது.

அதில் சதிக்கான அடையாளம் எதுவும் இல்லை. வெடிப்போ தீயோ ஏற்பட்டதாகவும் சான்று இல்லை. பலரும் எதிர்பார்த்த இயந்திரக் கோளாறும் இல்லை. அறிக்கை சுட்டிக்காட்டிய முதன்மைக் காரணம் மிகச் சாதாரணமானது: விமானத்தின் பின்பகுதியில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்டிருந்தது. விமானியைப் பற்றியும் விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் நடைமுறைகளைப் பற்றியும் அறிக்கை குறை கூறியது.

சில பெட்டிகள் ஒரு விமானத்தை வீழ்த்துமா? ஆரம்பப்பள்ளி அறிவியல் பாடத்தில் நிலைத்தன்மையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஏற்றப்பலகையின் ஒரு பக்கம் தம்பியும் மறுபக்கம் அண்ணனும் அமர்ந்தால், கனமானவர் நடுவை நோக்கி நகர்ந்து உட்கார வேண்டும். எடை எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். விமானத்தின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்வர். அதுவே ஈர்ப்பு மையம். அப்புள்ளி இறக்கையின் அருகே, ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். வாலுக்குப் பக்கத்தில் வைக்கும் 50 கிலோ, இறக்கைக்கு நேர்க்கீழே வைக்கும் 50 கிலோவைவிடப் பன்மடங்கு வேலை செய்யும். ஏற்றப்பலகையின் நுனியில் அமர்ந்த அண்ணனைப் போல.

பின்பாரம் கூடிய விமானம் ஏறிவிடும். நேராகப் பறக்கவும் செய்யும். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. வேகமாகச் செல்லும்வரை வாலின்மேல் பாயும் காற்று வலுவாக இருப்பதால், விமானி மூக்கைக் கீழே அழுத்தி வைத்திருக்க முடியும். தரையிறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது வாலின் வலிமையும் குறைகிறது. மூக்கு மேலே எழுகிறது. எழ எழ வேகம் மேலும் குறைகிறது. ஒரு கட்டத்தில் இறக்கையைத் தழுவி ஓடிய காற்று அதைவிட்டுப் பிரிந்துவிடும். விமானத்தைத் தாங்குவதற்கு ஒன்றுமிராது. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இது நேர்ந்தால் மீள்வதற்கு நேரம் கிடைக்கலாம். ஓடுபாதையை நெருங்கும் விமானத்திற்கு அந்த நேரம் இல்லை.

ஆகவே, 1976இல் விழுந்த இரண்டு நோமாட்களும் ஒரே காரணத்தால் விழவில்லை. ஒன்றில் வடிவமைப்பின் குறை. மற்றொன்றில் சுமை ஏற்றியதில் குறை. ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்க முயன்றவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறைசொல்வது சரியன்று. பார்க்க வேண்டிய தாள்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லையே!

இதனால் நோமாட் குறையற்றது என்று ஆகிவிடாது. 1990இல் தென் ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு வான்படையின் நோமாட் ஒன்று பறக்கும்போதே வாலை இழந்து விழுந்தது, விமானி இறந்தார். இம்முறை காரணம் உலோகச் சோர்வு. காகிதக் கவ்வியை மீண்டும் மீண்டும் வளைத்தால் திடீரென உடைகிறதல்லவா, அதைப் போன்றது. 1990களில் ஆஸ்திரேலியப் படைகள் நோமாட்டைக் கைவிட்டன. வேறு நாடுகளில் அது மேலும் பல ஆண்டுகள் பறந்தது. 2010இல் பிலிப்பீன்ஸ் வான்படையின் நோமாட் ஒன்று கோத்தபாத்தோ நகரில் புறப்பட்ட சற்று நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் விழுந்து, அதிலிருந்த அனைவரும் இறந்தனர். அதே வேளையில், இவ்வகை விமானங்கள் செல்லும் இடங்களையும் எண்ண வேண்டும். மூடுபனி சூழ்ந்த மலையிடுக்கு, குட்டையான ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஊர். பெரிய விமானங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நம் நாட்டில் அந்த வேலையை இப்போது துவின் ஓட்டர் விமானங்கள் செய்கின்றன. 1965இல் கனடாவில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானமும் இரட்டை இயந்திரம் கொண்டதே. சரவாக்கின் மிரி நகரிலிருந்து பாரியோ மலைக் கிராமத்திற்குப் போகிறவர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். அவ்விமானத்தில் ஏற முகப்பிடத்திற்குச் சென்றால் பெட்டியை மட்டும் நிறுக்கமாட்டார்கள். கைப்பையோடு உங்களையும் எடைப்பொறியின்மேல் ஏறி நிற்கச் சொல்வார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எண்ணைப் பார்த்துவிடுவார்களோ என்று சிலர் கூச்சப்படுவதுண்டு. பணியாளர் சிரிக்காமல் அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, அடுத்தவரை அழைப்பார்.