மாட்டினால் மட்டும் போதாது: பழைய நிக்கான் லென்ஸ் வாங்குவோருக்கு

நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட், ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் மாறவில்லை. அதனால் "எந்த நிக்கான் லென்ஸும் எந்த நிக்கான் பாடியிலும் போகும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் போகும்தான். வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி.

செய்ய வேண்டியவை

• பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை பாடிகளில் அது கிடையாது. டி90, டி7200, டி750 ஆகியவற்றில் உண்டு. லென்ஸ் மாட்டும் வளையத்தின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி மாதிரி ஒன்று தெரிந்தால் மோட்டார் இருக்கிறது. இல்லையென்றால், நிக்கானில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது 50 எம்எம் எஃப்1.8 லென்ஸில். அதன் மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை மலிவு, மோட்டார் உள்ள 'ஜி' வகைக்கு விலை கூடுதல். டி3500 வைத்திருப்பவர் மலிவைப் பார்த்து 'டி' வாங்கினால், ஓடுகிற குழந்தையைக்கூட வளையத்தைக் கையால் திருப்பித்தான் பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் 'ஜி'க்குக் காசு சேரும் வரை காத்திருக்கலாம்.

• மற்ற கம்பெனி லென்ஸ் என்றால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். டோகினா 11-16 எம்எம் எஃப்2.8-இன் நிக்கான் வகையில் முதல் பதிப்புக்கு மோட்டார் இல்லை, இரண்டாவதற்கு உண்டு.

• 'டி' லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தை எஃப்16, எஃப்22 போன்ற கடைசி எண்ணில் வைத்துப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் திரையில் 'எஃப்ஈஈ' என்று வரும். கேமரா கெட்டுவிட்டதாக நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

• டிஎக்ஸ் (சிறிய சென்சார்) பாடியில் 50 எம்எம், 75 எம்எம் அளவுக்கு நெருங்கிக் காட்டும். சின்ன அறையில் குடும்பப் படம் எடுக்க 35 எம்எம் போதும்.

செய்யக்கூடாதவை

• 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை டி7200, டி750 போன்ற பாடிகளில் திருகாதீர்கள். பாடியில் லென்ஸ் மாட்டும் வளையத்தை ஒட்டியுள்ள சிறு நெம்புகோல் உடையலாம். அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. டி3500-இல் அந்த நெம்புகோலே இல்லாததால் 1977-க்கு முந்தையவையும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் வெளிச்சத்தைக் கேமரா அளக்காது, எல்லாம் உங்கள் கணக்குத்தான்.

• பழைய பாடிக்குப் புதிய ஏஎஃப்-பி லென்ஸ் வாங்காதீர்கள். டி90, டி3100, டி3200 ஆகியவற்றில் ஆட்டோஃபோகஸ் மட்டுமல்ல, கையால் ஃபோகஸ் செய்வதும் நடக்காது. வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே ஃபோகஸை நகர்த்துவது மின்சார மோட்டார்தான். டி3300, டி5300 என்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு சரியாக ஓடும்.

• ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கிவிட்டு டிஎக்ஸ் லென்ஸோடு காலம் தள்ளாதீர்கள். கேமரா ஓரங்களை வெட்டிவிடும். டி750-இன் 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கும்.

• எம்42 திருகு லென்ஸைக் கண்ணாடி இல்லாத சாதாரண அடாப்டரில் நிக்கானுக்கு மாட்டித் தொலைதூர மலையைப் படமெடுக்க நினைக்காதீர்கள். மவுண்டிலிருந்து சென்சார் வரை நிக்கானில் 46.5 மி.மீ.; எம்42 லென்ஸுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 45.5 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரக்காட்சி தெளியாது. கேனான் இஎஃப்-இல் 44 மி.மீ. என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

• மிரர்லெஸ் இசட் பாடிக்கு எஃப்டிஇசட் அடாப்டர் வாங்கினால் பழைய லென்ஸ் எல்லாம் பழையபடி ஓடும் என்று நம்பாதீர்கள். அதற்குள் மோட்டார் இல்லாததால் 'டி' லென்ஸ் அங்கேயும் கையால்தான்.

• சொந்தப் பாடி இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போகாதீர்கள். மாட்டி, ஃபோகஸ் செய்து, எஃப்11-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.